ஆர்கேட் மானிட்டர் போர்டைக் கழுவ எது சரி: ஆல்கஹாலா, தின்னரா, சோப்புத் தண்ணீரா?

காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவுக்குப் பெரும்பாலும் மரத்தூண், ரவிவர்மா படம், எனாமல் அடுக்குச்சட்டி தேடித்தான் ஆட்கள் வருவார்கள். நான் அங்கிருந்து வண்டி வைத்து ஏற்றி வந்தது, காசு போட்டு ஆடும் ஒரு பழைய வீடியோ கேம் பெட்டி. தொண்ணூறுகளில் எந்த ஊர் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஓடியதோ. பலகை செல்லரித்துப் போயிருந்தது. ஆனால் உள்ளே இருந்த 19 அங்குல பிக்சர் டியூபில் ஒரு கீறல் கிடையாது. அதற்காகத்தான் வாங்கினேன். இப்படி 15 கிலோஹெர்ட்ஸில் ஓடும் டியூப் மானிட்டர் இனிமேல் புதிதாகக் கிடைக்கப் போவதில்லை. பெட்டி போனால் ஆசாரியிடம் சொல்லி வேறு செய்துகொள்ளலாம்.

பின்கதவைத் திறந்தபோது மானிட்டரை ஓட்டும் சர்க்யூட் போர்டே கண்ணுக்குத் தெரியவில்லை. டியூபுக்குப் போவது இருபதாயிரம் வோல்ட்டுக்கு மேல். அது சுற்றியுள்ள தூசியையெல்லாம் இழுத்து ஒட்ட வைத்துக்கொள்ளும். கேம் கடையின் சிகரெட் புகையும் சேர்ந்து கம்பளி போர்த்திய மாதிரி இருந்தது. பிரஷ்ஷால் தட்டி எடுத்த பிறகுதான் அடியில் இருந்த சங்கதி தெரிந்தது. எவரோ எப்போதோ ரிப்பேர் பார்த்த இடங்களில் மஞ்சள் பேஸ்ட் பிசுபிசுத்தது. கண்டென்சர்களின் காலடியில் ஈரம் காய்ந்த கறையும் பச்சை பூத்த செம்பும். பெரிய கண்டென்சர்களை ஆடாமல் பிடிக்கத் தொழிற்சாலையில் வைத்த பசை காபிப் பொடி நிறத்துக்கு வெந்திருந்தது. நான் கண்டென்சர்களை எல்லாம் மாற்றிப் பற்றவைத்ததில் என் பங்குக்கு, ஈயம் ஒட்ட உதவும் ஃப்ளக்ஸின் புதுக் கறையும் ஏறியது.

இதை எதை வைத்துக் கழுவுவது என்று நாலு பேரைக் கேட்டேன். எங்கள் தெரு டிவி மெக்கானிக் அண்ணன், "தின்னரை ஊத்தி ஒரு பிரஷ் போடுங்க தம்பி, பளிச்சுனு ஆயிடும்" என்றார். சென்னையில் வேலை பார்க்கும் மச்சான், தொண்ணூற்றொன்பது சதவீத ஐசோபுரொபைல் ஆல்கஹாலைத் தவிர எதையும் தொடாதே என்றான். நகைப்பட்டறை வைத்திருக்கும் நண்பர் தன் அல்ட்ராசோனிக் தொட்டியைக் கொடுப்பதாகச் சொன்னார். வெளிநாட்டு வீடியோக்களில் போர்டைப் பாத்திரம் கழுவும் மெஷினிலேயே அடுக்குகிறார்கள். அப்பத்தா மட்டும், "புளி போட்டுத் தேயேன்டா" என்று சொல்லிச் சிரித்தார்.

கடைசியில் எனக்கு வழி காட்டியதும் அப்பத்தாதான். பலாச்சுளை எடுத்துவிட்டுத் தண்ணீரில் கையைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். "பலாப்பாலுக்குத் தண்ணி எதுக்குடா, எண்ணெயைத் தடவு" என்றார். அட, போர்டும் அதே கதைதானே என்று தோன்றியது. அதில் ஒட்டியிருப்பது ஒரே அழுக்கு அல்ல. எண்ணெய் உண்டு, பிசின் உண்டு, உப்பு உண்டு. ஒன்றைக் கரைப்பது மற்றதைக் கரைக்காது. நாலு பேரும் அவரவர் பார்த்த அழுக்குக்குச் சரியான பதிலைத்தான் சொல்லியிருந்தார்கள்.

கழுவும் திரவத்தைப் பேசுவதற்கு முன் உயிர் விஷயம் ஒன்று. பிளக்கைப் பிடுங்கிவிட்டாலும் டியூபில் மின்சாரம் தங்கியிருக்கும். இன்சுலேட் செய்த ஸ்க்ரூடிரைவரில் ஒயரைக் கட்டி, ஒயரின் மறுமுனையை டியூபைச் சுற்றி ஓடும் எர்த் பின்னலில் மாட்டி, உயர் மின்னழுத்த ஒயர் டியூபில் சேரும் இடத்து ரப்பர் மூடியான ஆனோடு தொப்பிக்கு அடியில் நுழைத்து இறக்க வேண்டும். பவர் பகுதியில் இருக்கும் பெரிய கண்டென்சரையும் தனியாக இறக்க வேண்டும். இதில் பழக்கம் இல்லாதவர்கள், பழக்கம் உள்ள ஒரு டிவி மெக்கானிக்கைப் பக்கத்தில் வைத்துக்கொள்வது நல்லது.

ஐசோபுரொபைல் ஆல்கஹால்

பிசினுக்கு இதுதான் ராஜா. சால்டர் கம்பிக்குள் இருக்கும் ஃப்ளக்ஸ் பெரும்பாலும் ரோசின், அதாவது பைன் மரப் பிசின். வயலின் வில்லில் தேய்ப்பார்களே, அதே சரக்கு. ஆல்கஹாலில் நன்றாகக் கரையும். போர்டில் அச்சடித்த எழுத்தும், பிளாஸ்டிக் பாகங்களில் பெரும்பாலானவையும் இதற்குத் தாங்கும். சீக்கிரம் காயும்.

ஆனால் எந்தப் பாட்டில் என்பதில் கவனம் வேண்டும். கொரோனா காலத்து சானிட்டைசர் பல வீட்டில் இன்னும் மிச்சம் இருக்கிறது. அதிலும் ஐசோபுரொபைல்தானே என்று கேட்கலாம். உலக சுகாதார நிறுவனம் கொடுத்த செய்முறையில் ஆல்கஹால் 75 சதவீதம்தான். கை வறளாமல் இருக்க 1.45 சதவீதம் கிளிசரினும் உண்டு. ஆல்கஹால் பறந்துவிடும், கிளிசரின் போர்டிலேயே உட்கார்ந்து காற்றின் ஈரத்தை இழுக்கும். மருந்துக்கடை சர்ஜிக்கல் ஸ்பிரிட்டும் இதே மாதிரிதான். பிரிட்டிஷ் முறைப்படி செய்ததில் விளக்கெண்ணெய் சேர்த்திருப்பார்கள். எனக்குச் சந்தேகம் வந்தால் ஒரு கண்ணாடித் துண்டில் ரெண்டு சொட்டு விட்டு ஆற விடுவேன். வளையமோ பிசுபிசுப்போ மிஞ்சினால் அந்தப் பாட்டில் போர்டு பக்கம் வராது. கண்ணாடித் துண்டுக்கு எங்கள் பக்கம் பஞ்சமில்லை, ஆத்தங்குடிக் கல்லே கண்ணாடி மேல் ஊற்றித்தான் வார்க்கிறார்கள்.

ஆல்கஹால் போட்டும் போர்டில் வெள்ளையாக மாவு பூத்துவிட்டது என்று பலர் புலம்புவார்கள். எனக்கும் முதல் தடவை அப்படித்தான் ஆனது. பிசின் கரைந்தது, ஆனால் போர்டை விட்டுப் போகவில்லை. ஒரு இடத்தில் கட்டியாக இருந்ததை நான் பிரஷ்ஷால் போர்டு முழுக்க மெழுகியிருந்தேன், அவ்வளவுதான். திரவம் கரைத்தால் மட்டும் போதாது, அழுக்கைச் சுமந்துகொண்டு போர்டை விட்டு இறங்க வேண்டும். இப்போது நான் செய்வது: போர்டைச் சாய்த்து நிறுத்தி, செம்புப் பக்கம் பழைய பருத்தி வேட்டித் துணியை ஒற்றை மடிப்பாக விரித்து, துணி நனையும்படி ஆல்கஹால் விட்டு, துணி மேலேயே பிரஷ் போடுவேன். அழுக்கு துணியில் ஏறும். துணியை நகர்த்தி இன்னொரு முறை. கடைசியில் சுத்தமான ஆல்கஹாலை மேலிருந்து ஒழுகவிட்டால் சரி. கொஞ்சம் தாராளமாகச் செலவாகும்; இதில் சிக்கனம் பார்த்தால் வெள்ளை மாவுதான் மிச்சம்.

ஆல்கஹால் தோற்றுப் போகும் இடம் ஒன்று உண்டு, அதைப் பலரும் சொல்வதில்லை. நம் ஊர் ரிப்பேர்களில் வட்ட டப்பாவில் வரும் சால்டரிங் பேஸ்ட் தாராளமாகப் புழங்கியது. அந்த மாதிரி பேஸ்ட் பலவற்றில் அடித்தளம் வாசலின் போன்ற கிரீஸ், அதற்குள் துத்தநாக குளோரைடு போன்ற உப்பு. கிரீஸ் ஆல்கஹாலுக்கு அசையாது, அதற்குள் சிக்கிய உப்பும் அசையாது. எத்தனை தடவை துடைத்தாலும் விரலில் வழவழப்பு இருந்துகொண்டே இருந்தது. பெயிண்ட் கடையில் விற்கும் மினரல் டர்பன்டைனை காது குடையும் பஞ்சில் தொட்டு, செம்புப் பக்கம் மட்டும், பேஸ்ட் இருக்கும் புள்ளிகளில் மட்டும் துடைத்தேன். அது கிரீஸைக் கொண்டுபோனது. பிறகு பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டரை இன்னொரு பஞ்சில் தொட்டு உப்பை எடுத்தேன். அதன் மேல் ஆல்கஹால் விட்டு ஈரத்தைத் துரத்தினேன். மூன்று பஞ்சு, மூன்று அழுக்கு. பெட்ரோலை வைத்து இதைச் செய்பவர்களும் உண்டு. இப்போது பங்கில் வருவது எத்தனால் கலந்தது, சாயமும் வேறு சேர்மானங்களும் உள்ளது. தீ பயத்தை விட்டுப் பார்த்தாலும் போர்டுக்கு அது வேண்டாம்.

தின்னரும் அசிட்டோனும்

அண்ணன் சொன்னதை உடனே தள்ளிவிடவில்லை. அவர் முப்பது வருடம் டிவி பார்த்தவர். பரணில் கிடந்த ஒரு கறுப்பு வெள்ளை டிவி போர்டை எடுத்து அதில் தின்னர் போட்டுப் பார்த்தேன். ஃப்ளக்ஸ், கிரீஸ், புகைக்கறை எல்லாம் ஒரே மூச்சில் போனது உண்மை. கூடவே பாகங்களின் எண் எழுத்தும் பாதி போனது. கண்ணாடி மாதிரி தெரியும் பாலிஸ்டைரீன் கண்டென்சர் ஒன்று இருந்தது. வெல்லப்பாகு போல இளகி உருக்குலைந்தது. அண்ணன் இதைப் பார்த்துவிட்டு, "அது பிரஷ்ஷைக் கிட்ட கொண்டு போகாம செய்யணும்" என்றார். அவர் கைக்கு அது முடியும். அவர் கையில் அந்த வேலை வேகமாகவும் ஆகும். ஆனால் உதிரிப் பாகம் கிடைக்காத மானிட்டரில், எது எந்தப் பிளாஸ்டிக் என்று அடையாளம் தெரியாத என் மாதிரி ஆள் தின்னரை எடுக்கக் கூடாது.

அசிட்டோனும் அதே குணம்தான். வெந்த பசையைக் கொஞ்சம் இளக்க ஒரு சொட்டு, அதுவும் வெறும் செம்பு தெரியும் இடத்தில் என்றால் சரி. நெயில் பாலிஷ் ரிமூவர் அசிட்டோன் ஆகாது. எண்ணெய், வாசனை எல்லாம் கலந்திருக்கும்.

பழைய மெக்கானிக்குகள் சி.டி.சி. பற்றி ஏக்கத்தோடு பேசுவார்கள். கார்பன் டெட்ராகுளோரைடு, தீப்பிடிக்காது, எல்லாவற்றையும் கரைக்கும், ஒரு நொடியில் காயும். கல்லீரலையும் கரைக்கும் என்பதுதான் சிக்கல். போதாததற்கு ஓசோனுக்கும் எதிரி. 1987இல் கையெழுத்தான மாண்ட்ரீல் உடன்படிக்கையின் வழியில் இந்தியா 2010இல் இப்படிக் கழுவும் வேலைக்கு அதைப் பயன்படுத்துவதற்கு முற்றுப்புள்ளி வைத்தது. பெரிய தொழிற்சாலைகள் போர்டு கழுவப் பயன்படுத்திய சி.எஃப்.சி. 113க்கும் இதே முடிவுதான். கழுவவே தேவையில்லாத ஃப்ளக்ஸ் பரவலானதற்கு இதுவும் ஒரு காரணம். எந்தக் கடைப் பரணிலாவது பழைய சி.டி.சி. பாட்டில் கிடைத்தால் மூடியைத் திறக்காதீர்கள்.

தண்ணீர்

எனக்கு ரொம்ப நாள் பயம் இருந்த வழி இது. இப்போது மரியாதை வந்திருக்கிறது, ஆனால் எல்லை தெரிந்த மரியாதை. தூசி, புகைக்கறை, பல்லி எச்சம், கண்டென்சரிலிருந்து கசிந்து காய்ந்த உப்பு: இவற்றுக்குத் தண்ணீரை அடிக்க எதுவும் இல்லை. பாத்திரம் தேய்க்கும் திரவ சோப்பில் சில சொட்டும் மென்மையான பிரஷ்ஷும் போதும்.

எல்லையை வைப்பது போர்டு. பச்சையாக இருக்கும் கண்ணாடி இழை போர்டு தண்ணீருக்கு அஞ்சாது. கேம் ஓடும் போர்டுகள் பெரும்பாலும் அந்த ஜாதி. மானிட்டர் சேஸிஸில், அதாவது டியூபை ஓட்டும் பகுதியில், நிறைய பழுப்பு போர்டு வரும். அது காகிதத்தை ஃபீனால் பிசினில் ஊறவைத்து அழுத்திச் செய்தது. விளிம்பிலும் ஓட்டைகளிலும் தண்ணீரை உறிஞ்சும், சில சமயம் வளையும், இன்சுலேஷன் குறையும். இருநூறு வோல்ட்டும் இருபதாயிரம் வோல்ட்டும் பக்கத்துப் பக்கத்தில் ஓடும் இடத்தில் அது விளையாட்டில்லை. டியூபுக்கு உயர் மின்னழுத்தம் தரும் டிரான்ஸ்ஃபார்மரான எல்.ஓ.டி.யின் அடியிலும், திருகும் கன்ட்ரோல்களுக்குள்ளும், காயில்களின் நடுவிலும் தண்ணீர் போய் ஒளிந்துகொண்டால் வெளியே வர நாளாகும். உள்ளே வைத்த உயவும் கழுவிக்கொண்டு போகும்.

என்னுடையது பழுப்பு. அதனால் முக்கி எடுக்கவில்லை. பிழிந்த துணியால் ஒற்றி எடுத்தேன்.

கடைசி அலசலுக்கு போர் தண்ணீர் வேண்டாம். எங்கள் பக்கத்து போர் தண்ணீர் குழாய் வாயிலேயே வெள்ளை கட்டும். போர்டில் காய்ந்தால் அதே வெள்ளைதான், ஒரு உப்பை எடுத்து இன்னொரு உப்பைப் பூசிய கதை. கேன் தண்ணீரும் டிஸ்டில்டு அல்ல. பேட்டரி கடையில் கிடைக்கும் டிஸ்டில்டு வாட்டர்தான் சரி. செட்டிநாட்டு வீட்டு முற்றத்தில் அண்டா வைத்துப் பிடிக்கும் மழைத் தண்ணீரை அந்தக் காலத்தில் பருப்பு வேக வைக்கத் தனியாக எடுத்து வைப்பார்களாம். உப்பில்லாத தண்ணீர் என்பதால்தான். ஓட்டுத் தூசி வரும் என்பதால் நான் அதைப் போர்டில் போடவில்லை.

காய வைப்பதில் மட்டும் நமக்கு யோகம். சித்திரை, வைகாசியில் முற்றத்து நிழலில் மின்விசிறிக்கு எதிரே ரெண்டு நாள் வைத்தால் போதும். உச்சி வெயிலில் நேராக வைத்தால் பிளாஸ்டிக் கோணும். ஐப்பசி, கார்த்திகையில் தண்ணீர் வேலையைத் தொடாமல் இருப்பதே நல்லது. ராத்திரி எறும்பு ஏறாமல் மேசைக் காலுக்குத் தண்ணீர்க் கிண்ணம் வைக்க வேண்டியிருந்தது, அது தனிக் கூத்து.

மற்றவை

நகைப்பட்டறை நண்பரின் அல்ட்ராசோனிக் தொட்டி அருமையான கருவி. மூக்குத்தி இடுக்கில் இருக்கும் அழுக்கை எடுக்கிறதே, ஐ.சி. காலடியில் இருப்பதை எடுக்காதா? எடுக்கும். ஆனால் சேஸிஸ் அதில் கொள்ளாது. கொள்ளும் அளவு தொட்டி கிடைத்தாலும் காகித போர்டை முழுக்கத் தண்ணீரில் அமிழ்த்த வேண்டும். தொட்டிக்குள் ஆல்கஹாலை ஊற்றிச் சூடேற்றுவது தீயை வீட்டுக்குள் கூப்பிடுவது. சின்னப் பச்சை போர்டு என்றால் மட்டும் யோசிக்கலாம்.

வினிகர் பேட்டரி கசிவுக்கு. கேம் போர்டில் நிக்கல் காட்மியம் பேட்டரி இருந்து கசிந்திருந்தால் அது காரம். வினிகர் அதை முறிக்கும், பிறகு டிஸ்டில்டு வாட்டரில் நன்றாக அலச வேண்டும். மானிட்டரில் பேட்டரி கிடையாது, ஆகவே அங்கே அதற்கு வேலை இல்லை. நான் கேம் போர்டுக்குப் போட்டபோது கிண்ணம் கவிழ்ந்து இரண்டாங்கட்டின் ஆத்தங்குடிக் கல்லில் ஊற்றிவிட்டது. சிமெண்டுக் கல் புளிப்புக்கு ஆகாது. ரெண்டு கல்லில் மெருகு போய் மங்கல் விழுந்திருக்கிறது. புளி போட்டுத் தேய்க்கச் சொன்ன அப்பத்தாதான் இன்றைக்கும் அதைக் காட்டித் திட்டுகிறார்.

வெந்த பசைக்கு எந்தத் திரவமும் முழுப் பதில் இல்லை. மஞ்சளாக இருக்கும்வரை அதனால் தொந்தரவு இல்லை. சூட்டில் பழுப்பேறினால் மெல்ல மின்சாரம் கடத்தும், பக்கத்துக் காலையும் அரிக்கும். லேசாக ஹேர் டிரையர் காட்டி, மூங்கில் குச்சியால் பொறுமையாகச் சுரண்ட வேண்டியதுதான். இரும்புக் கத்தி வேண்டாம். பழுப்பு போர்டில் செம்பு சுலபமாகக் கிளம்பிவிடும். எனக்கு ரெண்டு சாயங்காலம் இதிலேயே போனது.

சரி, எதை வாங்குவது?

உங்கள் போர்டு பழுப்பு, அதில் இருப்பது நீங்களே பற்றவைத்த ஃப்ளக்ஸ் மட்டும் என்றால் சுத்தமான ஐசோபுரொபைல் ஒரு லிட்டர் போதும், வேறு எதையும் தேட வேண்டாம். பழைய பேஸ்ட் தெரிந்தால் டர்பன்டைன் ஒரு சின்ன பாட்டிலும் டிஸ்டில்டு வாட்டரும் சேர்த்துக்கொள்ளுங்கள். கண்டென்சர் கசிந்திருந்தால் டிஸ்டில்டு வாட்டர் கட்டாயம்; ஆல்கஹால் மட்டும் போட்டால் உப்பு இருந்த இடத்திலேயே இருக்கும், பச்சை திரும்பி வரும். பச்சை போர்டு, அழுக்கு முழுக்கத் தூசியும் புகையும் என்றால் ஆல்கஹாலை வீணாக்காமல் சோப்புத் தண்ணீரில் தாராளமாகக் கழுவுங்கள். நாளைக்கே முடித்துக் கொடுக்க வேண்டிய வேலை, கை பழகியவர் என்றால் தின்னர் அவர் பாடு.

எதை எடுத்தாலும் பிக்சர் டியூபின் பின்பக்கத்துக் கறுப்புப் பூச்சில் மட்டும் கை வைக்க வேண்டாம். அது அழுக்கு இல்லை, கிராஃபைட். தேய்த்தால் உதிரும், அப்புறம் டியூபின் எர்த் போய்விடும். ஆனோடு தொப்பியின் ரப்பரையும், அது உட்காரும் கண்ணாடி வட்டத்தையும் மட்டும் ஆல்கஹால் பஞ்சால் துடைத்தால் போதும்.

என் சேஸிஸ் ஆல்கஹால் போட்ட பிறகும் ஒரு நாள் முழுக்க ஆறியது. ஆவி தங்கியிருக்கும்போது உயர் மின்னழுத்தம் ஒரு பொறி விட்டால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. வீட்டு மெயின் லைனோடு நேர்த் தொடர்பு இல்லாமல் பிரித்துத் தரும் ஐசோலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் வழியாகக் கரண்ட் கொடுத்தேன். இந்த மானிட்டர்களில் பலவற்றுக்கு அது இல்லாமல் சேஸிஸே ஷாக் அடிக்கும். முன்பு டியூப் சூடேறியதும் வழுக்கிக்கொண்டு போன படம் இப்போது ரெண்டு மணி நேரம் ஓடியும் நிற்கிறது. எல்.ஓ.டி.க்கு அடியில், பிரஷ் எட்டாத மூலையில், வெள்ளை மாவு கொஞ்சம் இன்னும் தெரிகிறது. அடுத்த பாட்டில் வந்ததும் அதைக் கவனிக்க வேண்டும்.